தொப்பியின் சிவப்பு

தோருன்: மூடி அதே மூடி. மூலை அதே மூலை. தூக்கிப் பார்த்தா கனமும் அதேதான். இந்த லேப்டாப்புக்கா நாப்பதாயிரம் குரோனர்?

அஸ்லாக்: மூடியையா வாங்கறோம் அக்கா? உள்ளே இருக்கிறதைப் பாரு.

தோருன்: உள்ளே இருக்கிறது எனக்கு எங்கே தெரியுது. உனக்குத்தான் தெரியுதாமே.

அஸ்லாக்: புது சிப். மெமரி ரெட்டிப்பு. காலையில சார்ஜரைப் பிடுங்கினா மறுநாள் காலை வரைக்கும் ஓடும். ஸ்க்ரீனே வேற. பளபளப்பு கிடையாது, ஜன்னல் பக்கத்துல வச்சாலும் நம்ம மூஞ்சி அதுல தெரியாது.

தோருன்: உன் வேலை ரூம்ல ஜன்னலே கிடையாதேடா. பலகை அடிச்சு மூடினது நீ. ஆணி எடுத்துக் கொடுத்தது நான்.

அஸ்லாக்: ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

தோருன்: பேச்சுக்குச் சொல்றதுக்கு நாப்பதாயிரம்... இந்தாம்மா, சில்யேன்னுதானே சட்டையில எழுதியிருக்கு? நீ விக்கிறவ, இருந்தாலும் நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. போன வருஷத்து மாடலுக்கும் இதுக்கும் என்னதான் வித்தியாசம்?

சில்யே: நிஜமாச் சொல்லணும்னா... நிறையப் பேருக்கு பழைய மாடலே தேவைக்கு மேல. எழுத, படம் பார்க்க, வீட்டுக் கணக்குப் பார்க்க அதுவே போதும். புதுசு, படம் பண்றவங்களுக்கு. சினிமா, போட்டோ, அந்த மாதிரி.

அஸ்லாக்: கேட்டியா? நான் யாரு? படம் பண்றவன்.

தோருன்: நீ படம் பண்றவன் இல்ல. யாரோ எடுத்த படத்துக்குக் கலர் சரிபண்றவன்.

அஸ்லாக்: அதுக்குத்தான் இந்த ஸ்க்ரீனே வேணும். அக்கா, நீ ஃபெர்ரிக் கப்பல்ல கார் அடுக்கறவ. உனக்கு இதெல்லாம்...

தோருன்: ஆமாண்டா, அடுக்கறவதான். வருஷா வருஷம் புதுக் காரா ஏறுது. முன்னாடி விளக்கு மட்டும் மாறியிருக்கும். மழை பெஞ்சா அதே மழை, நிக்கிற இடம் அதே இடம். இறங்கினதும் ஏறு மேட்டுல திணறுறதும் அதேதான். அதனாலதான் கேக்கறேன்.

அஸ்லாக்: நல்லா பேசற.

தோருன்: அடுத்த ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருக்கு. நல்லாவே பேசுவேன்.

அஸ்லாக்: என் காசுதானே அக்கா.

தோருன்: ஹால்வர் மாமா படகை நாம வித்த காசு. பாதி உனக்கு, பாதி எனக்கு. உன் பாதியை நீ கடல்ல கொட்டினாலும் நான் கேக்கக் கூடாதுதான். ஆனா கேப்பேன். அம்மா இருந்தா அவ கேட்டிருப்பா.

அஸ்லாக்: அம்மா இருந்தா தன் தம்பி படகையே வித்திருக்க மாட்டா.

தோருன்: அதுவும் சரிதான். மாமா கண்ணு போனப்புறம் ஒருத்தரையும் அந்தப் படகுல கால் வைக்க விடல... மனுஷன் வீட்டுல காய்ச்சின சரக்கை காபியில ஊத்தி ஊத்திக் குடிச்சாரு. ஒரு தடவை காய்ச்சினதுல ஏதோ தப்பு. கண்ணு போச்சு. அந்தப் படகு காசுல நீ கண்ணைக் கவர்ற மெஷின் வாங்கற.

அஸ்லாக்: மாமா பேச்சை இப்போ எதுக்கு எடுக்கற.

தோருன்: சும்மா ஞாபகம் வந்துது. ஏன் மூஞ்சி சுருங்குது?

அஸ்லாக்: ஒண்ணுமில்ல.

தோருன்: சரி, விஷயத்துக்கு வா. இப்போ இருக்கிற உன் லேப்டாப்புக்கு என்ன கேடு?

அஸ்லாக்: எத்தனை தடவை சொல்றது. ஸ்க்ரீன் கலர் தள்ளிப் போயிடுச்சு. டிவிக்காரங்க படத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்க. மீனவங்க மூஞ்சியெல்லாம் பச்சையா இருக்காம். பொணம் மாதிரி இருக்காம். இங்கெபோர்க் போன்ல அழறா. ரெண்டு வருஷமா குளிர்ல நின்னு எடுத்த படம் அவளுக்கு.

தோருன்: ரெண்டாவது தடவையும் திருப்பினாங்களே.

அஸ்லாக்: அதே லேப்டாப்புல செஞ்சா அதே பச்சைதானே வரும். மூணாவது தடவை தப்பு வந்தா அப்புறம் இந்த ஊர்ல எனக்கு யாரும் படம் தரமாட்டாங்க. அதுக்குத்தான் சொல்றேன், விலை விலைன்னு பார்க்காதே.

தோருன்: அந்தப் பழசை என்ன செய்யப் போற?

அஸ்லாக்: சிந்ரேக்குத் தர்றேன்னேனே.

தோருன்: பச்சை அடிக்கிற ஸ்க்ரீனை என் பையனுக்கா? நல்ல மாமன்டா நீ.

அஸ்லாக்: காலேஜ்ல எழுதறதுக்குப் போதும்.

தோருன்: எழுதவா? அவன் உன் வேலைக்குத்தான் வருவேன்னு நிக்கிறான். அவன் ரூமுக்கும் சாம்பல் பெயின்ட் அடிச்சாச்சு. நீ சொல்லிக் கொடுத்ததுதான். கலர் சுவர் இருந்தா கலர் ஸ்க்ரீன்ல விழும்னு எனக்கே பாடம் எடுக்கறான்.

அஸ்லாக்: அவனை இந்த வேலைக்கு விடாத.

தோருன்: என்னடா திடீர்னு?

அஸ்லாக்: வேண்டாம்னா வேண்டாம். காதால செய்யற வேலை ஏதாவது... சவுண்ட் வேலை கத்துக்கட்டும். அதுவும் நல்ல வேலைதான்.

தோருன்: நேத்து வரைக்கும் அவன் கண்ணு கழுகுக் கண்ணுன்னு கொஞ்சினியே. இன்னொண்ணு. போன வாரம் அவன் உன் லேப்டாப்பைத் திறந்து பார்த்தான். ஸ்க்ரீன்ல ஒரு குறையும் இல்லையேம்மான்னான்.

அஸ்லாக்: அவன் சொன்னானா? ...சரியாத்தான் தெரிஞ்சுதாமா அவனுக்கு? பச்சை, சிவப்பு எல்லாம்?

தோருன்: அவனுக்கு ஏன் தெரியாம போகும்?

அஸ்லாக்: இல்ல... சின்னப் பையன். பழக்கம் இல்லாத கண்ணுக்குக் குறை தெரியாதுன்னு சொல்ல வந்தேன்.

சில்யே: குறுக்கே பேசறதுக்கு மன்னிக்கணும். உங்க படத்துலேருந்து கொஞ்சம் கொண்டு வந்தா ரெண்டுலயும் ஓட்டிக் காட்டறேன். பேசிட்டே இருக்கிறதை விட பார்த்துடலாமே.

அஸ்லாக்: கொண்டு வந்திருக்கேன். இந்தா. ரெண்டுலயும் ஏத்து. சிவப்புத் தொப்பி போட்ட கிழவர் வலை இழுக்கிற இடம், அதைப் போடு.

தோருன்: அந்தக் கிழவரை நானே நூறு தடவை பார்த்துட்டேன். கனவுல வந்து வலை இழுக்கறாரு... போன் அடிக்குதுடா.

அஸ்லாக்: யாருன்னு பாரேன்.

தோருன்: உன் கையிலதானே இருக்கு.

அஸ்லாக்: வெளிச்சம் கூசுது. பாரேன்.

தோருன்: இங்கெபோர்க்.

அஸ்லாக்: வெளியில போய்ப் பேசிட்டு வர்றேன். இவ கத்தினா கடையே திரும்பிப் பார்க்கும்.

தோருன்: படியைப் பார்த்து... கதவு அந்தப் பக்கம்டா. அது கண்ணாடி.

அஸ்லாக்: தெரியும் தெரியும்.

தோருன்: ...சில்யே, இங்க வாம்மா. அவன் வர்றதுக்குள்ள ஒண்ணு செய்யணும். இந்தப் புதுசுல கலரை மொத்தமா எடுத்துட முடியுமா? அந்தக் காலத்து கருப்பு வெள்ளைப் படம் மாதிரி?

சில்யே: முடியும். எல்லா மெஷின்லயும் அந்த வசதி இருக்கு. கண்ணு சரியாத் தெரியாதவங்களுக்காக வச்சது. ஆனா எதுக்கு?

தோருன்: எடும்மா.

சில்யே: வாங்க வந்தவரை ஏமாத்தற மாதிரி இருக்கும். எனக்கு மேல மேனேஜர் இருக்காரு.

தோருன்: என் கூடப் பொறந்தவன். அவனை ஏமாத்த எனக்கு உரிமை உண்டு. கேளு, சொல்றேன். அவன் ரூமுக்குள்ள யாரும் கலர் துணியோட போகக் கூடாது. சாம்பல் சட்டை, இல்லைன்னா கருப்பு. போன கிறிஸ்துமசுக்கு சிவப்பு ஸ்வெட்டரோட எட்டிப் பார்த்தேன், நாயை விரட்டற மாதிரி விரட்டினான். உன் ஸ்வெட்டர் என் படத்துல ரத்தம் தெளிக்குதுன்னான்.

சில்யே: இப்படி ஆட்களும் இருக்காங்களா?

தோருன்: இருக்காங்க. போன ஞாயித்துக்கிழமை ஷிப்ட் முடிஞ்ச அசதியில ஃபெர்ரி ஜாக்கெட்டைக் கழட்ட மறந்து உள்ளே போய் உக்காந்துட்டேன். ஆரஞ்சு கலர். மூடுபனியில அரை மைல் தள்ளி வர்ற டிரைவருக்கே தெரியறதுக்காகக் கொடுத்த ஜாக்கெட்டும்மா அது. ஸ்க்ரீனுக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லல. பன் இருக்கு, சாப்பிடுன்னான்.

சில்யே: வேற ஏதாவது யோசனையில...

தோருன்: நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். வெயில் காலத்துல காரை வித்தான். பூமியைக் காப்பாத்தறானாம், இனிமே பஸ்ஸுதானாம். அதையும் நம்பினேன். இன்னிக்குக் கதவுன்னு கண்ணாடிக்கு நேரா நடந்தான், நீயும்தானே பார்த்த.

சில்யே: ...எடுத்துட்டேன். இதுதான் புதுசு, வலது பக்கம். இப்போ ஒரு நிறமும் கிடையாது.

தோருன்: உனக்குப் புண்ணியம். ஒண்ணும் பேசாதே. எனக்குத் தப்பாத் தோணியிருந்தா நானே காசைப் போட்டு அவனுக்கு இதை வாங்கித் தருவேன்.

அஸ்லாக்: வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுக்கணுமாம். ஓடுதா ரெண்டும்? எது எது?

சில்யே: இடது பக்கம் போன வருஷத்து மாடல். வலது பக்கம் புதுசு.

தோருன்: பார்த்துச் சொல்லுடா. நாப்பதாயிரம் பெறுமா?

அஸ்லாக்: இரு, கிட்டப் போறேன்... ம்.

தோருன்: என்ன ம்?

அஸ்லாக்: பழசு பரவாயில்ல. கடல் நல்லா இருக்கு. ஆனா தொப்பியைப் பாரு, செங்கல் நிறத்துல செத்துக் கிடக்கு.

தோருன்: புதுசுல?

அஸ்லாக்: புதுசுல... இதைத்தான் அக்கா நான் சொன்னேன். இந்தத் தொப்பிச் சிவப்பைப் பாரு. காட்டுல அப்பத்தான் பறிச்ச லிங்கன்பெர்ரிப் பழம் மாதிரி. எரியுது. உனக்கே வித்தியாசம் தெரியலையா?

தோருன்: தெரியுது.

அஸ்லாக்: மூஞ்சியில உயிர் இருக்கு. கன்னத்துல காத்து அடிச்சு அடிச்சு வந்த சிவப்பு. கயிறு பச்சை. பச்சையை கயிறோட நிறுத்தியிருக்கு, மூஞ்சிக்கு ஏத்தல. இந்தப் பொண்ணையே கேளு. என்னம்மா, நான் சொல்றது சரிதானே?

சில்யே: நான்... எனக்கு...

தோருன்: அவளை விடு. நீ சொல்லு, தொப்பி என்ன கலர்?

அஸ்லாக்: எத்தனை தடவை கேப்ப. சிவப்பு.

தோருன்: அஸ்லாக்... அதுல கலரே இல்லைடா. நீ வெளியில போனப்போ எடுத்துடச் சொன்னேன். எல்லாம் சாம்பல். தொப்பி, கயிறு, கிழவர், எல்லாம். நீ மனப்பாடமாச் சொல்ற.

சில்யே: நான் அந்தப் பக்கம் இருக்கேன். கூப்பிடுங்க.

அஸ்லாக்: எப்போ கண்டுபிடிச்ச?

தோருன்: ஞாயித்துக்கிழமை. ஆரஞ்சு ஜாக்கெட்டோட உன் பக்கத்துல உக்காந்திருந்தேன்.

அஸ்லாக்: அதானே, டீசல் நாத்தம் அடிச்சுது. நான் யோசிச்சிருக்கணும்.

தோருன்: சிரிக்காதே.

அஸ்லாக்: சிரிக்கல.

தோருன்: என் மூஞ்சி தெரியுதா இப்போ?

அஸ்லாக்: ஓரமாப் பார்த்தா தெரியும். நேராப் பார்த்தா... நடுவுல யாரோ கட்டைவிரலை வச்சு அழுத்தித் தேய்ச்ச மாதிரி இருக்கு.

தோருன்: எப்போலேருந்து?

அஸ்லாக்: பனி உருகறப்போ ஒரு கண்ணு. அப்புறம் இன்னொண்ணு.

தோருன்: நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம். நான் லீவு சொல்லிடறேன்.

அஸ்லாக்: போயாச்சு. எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு.

தோருன்: போயிட்டு... தெரிஞ்சே என்னை இந்தக் கடைக்குக் கூட்டிட்டு வந்தியா? சிப்பு, மெமரின்னு காலையிலேருந்து என்னோட மல்லுக்கு நின்னியே. எதுக்கு?

அஸ்லாக்: மெஷின் கெட்டுப் போச்சுன்னா நீ நம்புவ. புதுசு வாங்கினா இன்னும் கொஞ்ச நாள் நம்புவ.

தோருன்: நான் நம்பி என்னடா ஆகப் போகுது? ...என்ன குடிச்ச? நிஜத்தைச் சொல்லு. மாமா மாதிரி யாராவது காய்ச்சினதை...

அஸ்லாக்: மாமாவுக்கும் சரக்கால போகல அக்கா.

தோருன்: பின்னே?

அஸ்லாக்: ரத்தத்துல வர்றதாம். அம்மா வழியில மட்டும். அம்மாவுக்கு அது ஒண்ணும் பண்ணல. பெரும்பாலும் பொம்பளைங்களை விட்டுடும், அவங்க பெத்த ஆம்பளைப் பசங்களைப் பிடிக்கும்னாரு. எல்லாரையும் இல்ல. சில பேரை. பதினெட்டு, இருபது, முப்பது வயசுல.

தோருன்: அம்மா பெத்தது உன்னை... என்னை.

அஸ்லாக்: ஆமா.

தோருன்: சிந்ரேக்கு வர்ற மாசம் பதினெட்டு.

அஸ்லாக்: தெரியும்.

தோருன்: அஸ்லாக்... டாக்டர் கேட்டாரா? என்னைப் பத்தி, அவனைப் பத்தி?

அஸ்லாக்: கூடப் பொறந்த பொம்பளைங்க யாராவது உண்டா, அவங்களைக் கூப்பிட்டுச் சொல்லணும்னு பேனாவை எடுத்தாரு. எனக்கு அக்காவே கிடையாதுன்னு சொல்லிட்டேன் அக்கா.