கீழறைச் சுவர் இறுகிய விதம்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மேடம். இந்த அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடச் சொல்லுங்கள். ஒட்டிப் போட்டால் பின்னால் காற்றுப் போகாது. பூஞ்சை பிடிக்கும், உள்ளே இருக்கும் காகிதமெல்லாம் நமத்துப்போகும்.

நான் சிரித்துக்கொண்டே பேசுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொஞ்ச நாளாகவே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. காரணத்தைக் கேட்டால் உங்களுக்கும் சிரிப்பு வரும், பாதிவரைக்குமாவது வரும்.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் இன்ஜினியர் நான். ஆற்றங்கரை நூலகம் என் பொறுப்பில் இருந்தது. அதன் வாசிப்புக் கூடத்துக்கு அடியில் ஓர் அறை உண்டு. வளைந்த கூரை, கனத்த கதவு, தலைக்கு மேலே இரண்டு காற்றுத் துளைகள். எனக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் அந்த அறை முழுக்கச் சிமெண்ட் பூசிவிட்டுப் போயிருந்தார். ஆற்று ஈரம் செங்கல்லில் ஏறத்தான் செய்யும். ஏறியது வெளியேற வழி வேண்டும். சிமெண்ட் வழிவிடாது. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்கிறவன் கதிதான். செங்கல் உள்ளுக்குள்ளேயே மாவாகிக்கொண்டிருந்தது. சிமெண்டை உரித்தெடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசினோம். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், விடும். பூசி முடித்த அன்று அந்தச் சுவர் பெருமூச்சு விட்டதுபோல எனக்குத் தோன்றியது.

ஆனால் காரை இறுகவில்லை. சுண்ணாம்பு வெறுமனே காய்ந்து இறுகுகிற பொருளில்லை, மேடம். காற்றில் இருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துத்தான் அது மறுபடி கல்லாகிறது. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும், சரி. கீழறையில் காற்று ஏது? எத்தனை நாள் பொறுத்தும், கட்டைவிரலை வைத்தால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது.

ஒரே ஒரு மூலையில் மட்டும் விரல் இறங்கவில்லை. எனக்குப் புரியவில்லை. மேஸ்திரியம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அந்த மூலைலதான் சார் நாங்க எல்லாரும் உக்காந்து சாப்பிடுவோம். அப்புறம் ஊர்க்கதை பேசுவோம். வேற ஒண்ணும் பண்ணல," என்றார் அவர், திட்டப்போகிறேன் என்று பயந்து.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மூச்சு. மனிதன் விடுகிற மூச்சில் கரியமில வாயு இருக்கிறது, இதமான ஈரமும் இருக்கிறது. சுண்ணாம்பு கேட்பது இரண்டையும்தான். சுவருக்குக் காது உண்டு என்கிறார்களே, மூக்கும் உண்டு என்று யாராவது சொன்னார்களா? படியேறி ஓடி, மேலே இருந்த வயதான நூலகரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றினேன். பாவம், அவர் கண்ணாடி கீழே விழுந்துவிட்டது.

அதன் பிறகு கீழறை ஒரே அமளிதான். பட்டிமன்றக் குழுவை அங்கே பயிற்சி செய்யச் சொன்னேன். பக்கத்துத் தெருப் பாட்டு வாத்தியார் தன் மாணவிகளைக் கூட்டிவந்தார். பாட்டுக்குச் சுவர் நன்றாக இறுகியது. பட்டிமன்றத்துக்கு இன்னும் நன்றாக. அவ்வளவு சந்தோஷமான நாட்கள் என் வாழ்க்கையில் வந்ததில்லை.

மழை வந்து கெடுத்தது. ஆறு பெருகியதும் கீழே இறங்க எல்லோரும் பயந்தார்கள், நூலகத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். திறப்பு விழாவோ நெருங்கிவிட்டது. அப்போதுதான் மாப்பிள்ளை வந்தார். என் தங்கை வீட்டுக்காரர், நூலக வேலையின் கான்ட்ராக்டர். நல்ல மனிதர். இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அவர் சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். அன்று மதியம் தோளில் ஒரு சிமெண்ட் மூட்டையோடு கீழே இறங்கினார்.

"மச்சான், நீங்க சுண்ணாம்பைக் கொஞ்சிக்கிட்டே இருங்க. நான் மேலாப்புல சிமெண்ட்ட பூசி விட்டுர்றேன். கமிட்டில பேசிட்டேன், எல்லாரும் சரின்னுட்டாங்க."

"சுவர் மூச்சுத் திணறிச் செத்துரும் மாப்பிள்ளை."

"செத்தா செத்துட்டுப் போகுது. சுவருக்கெல்லாமா துக்கம் விசாரிக்க வருவாங்க?"

சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். நான் வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினேன். கோபமெல்லாம் இல்லை. உள்ளேயிருந்து அவர் சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒருவரையொருவர் கேலி செய்வது எங்கள் வழக்கம். நானும் கூடச் சிரித்தேன். அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் புத்தியில் பட்டது. எவ்வளவு பெரிய நெஞ்சுக்கூடு. பாட்டு வாத்தியார் வகுப்பு முழுவதும் சேர்ந்தாலும் அவருக்கு ஈடாகாது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

நான் அவரைப் பட்டினி போடவில்லை. காற்றுத் துளை வழியாகத் தண்ணீர், ரொட்டி, பழம் எல்லாம் இறக்கினேன். கம்பளி கேட்டார், அதையும் கொடுத்தேன். கத்தும்போது மூச்சு அதிகம் வரும் என்பதால் அவரைக் கொஞ்சம் கத்தவைத்தேன், அவ்வளவுதான். பெண் பார்க்க வந்த அன்று தங்கை என் காதில் "இந்த ஆளுக்குக் கழுத்தே இல்லையே" என்று சொன்னதை, இத்தனை வருடம் காப்பாற்றிய ரகசியத்தை, துளை வழியாகச் சொன்னேன். நன்றாகக் கத்தினார். வாசிப்புக் கூடத்துத் தரையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன்.

பிறகுதான் கவனித்தேன், மூச்செல்லாம் துளை வழியே வீணாகிக்கொண்டிருந்தது. ஓட்டைக் குடத்தில் யாராவது தண்ணீர் பிடிப்பார்களா? சாக்கை நனைத்து இரண்டு துளைகளையும் அடைத்தேன். ஈரச் சாக்கு காரைக்கும் நல்லது.

தங்கை வந்தாள். "அண்ணா, அவரு போனை எடுக்கவே மாட்டேங்கறாரு. எங்கதான் போனாரு?"

"இங்கதாம்மா, ஒரு முக்கியமான வேலைல இருக்காரு. மூச்சு விடறதுக்கு..." என்று ஆரம்பித்து உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை பாருங்கள். ஆனால் போகும்போது வேலைச் சாமான் கொட்டகைக்குப் பின்னால் அவர் பைக் நிற்பதைப் பார்த்துவிட்டாள். அவள்தான் உங்களிடம் வந்தாள் என்பது தெரியும். எனக்கு வருத்தமில்லை.

அதற்குள் அவர் கத்துவதை நிறுத்தியிருந்தார். கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்தேன். மனிதனும் ஆறத்தானே வேண்டும். சாக்கை எடுத்துப் பார்த்திருக்கலாமே என்கிறீர்கள். எடுத்திருக்கலாம். காரை இறுகிக்கொண்டிருக்கும்போது திடீரென்று காற்றுப் பட்டால் வெடிப்பு விழும், மேடம். உங்கள் ஆட்கள் கதவை உடைக்கும்போதும் இதைத்தான் சொன்னேன், மெதுவாகத் திறங்கள் என்று. யார் கேட்டார்கள்? படியில் நின்ற தங்கை "அண்ணா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அவளுக்குச் சுவரைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தட்டினால் கருங்கல் மாதிரி சத்தம். நம் குடும்பத்து மூச்சு, இனி நூறு வருடம் நிற்கும் என்று சொல்ல நினைத்தேன். அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

சரி, உங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பூட்டியது நான். அடைத்தது நான். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தே அடைத்தேன். கையெழுத்தும் போடுகிறேன்.

பதிலுக்கு ஒரே ஒரு உதவி. கதவுக்குப் பக்கத்தில், கீழ்ப்பகுதியில், காரை இளசாக இருந்தபோது அவர் நகத்தால் ஆழமாகப் பிராண்டியிருக்கிறார். தடயம், யாரும் தொடக்கூடாது என்று அங்கே கயிறு கட்டியிருக்கிறீர்களாம். தயவுசெய்து அதை மட்டும் நான் பூசிவிட அனுமதியுங்கள். இல்லாவிட்டால் ஈரம் அந்த வழியாகத்தான் நுழையும்.