வளைவு வேண்டாம், பள்ளம் வேண்டும்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் குடியிருப்புச் சங்கத் தலைவர் அவர்களே, இருபுறமும் வீற்றிருக்கும் நிர்வாகிகளே, முன்வரிசைப் பெரியோர்களே, நாற்காலி கிடைக்காமல் ஓரமாக நிற்கும் அண்ணன் தம்பிகளே, பெற்று வளர்த்த பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நம் குடியிருப்பு வாசலில் வளைவு கட்டி, அதில் என் மகளின் பெயரைப் பொறிக்கப் போகிறீர்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் என்னை மேடையேற்றினீர்கள். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். அடுக்குமொழி வராது. வாயில் வருவதைச் சொல்கிறேன்.

என்ன தம்பி, மைக்கைக் கிட்டத்தில் பிடிக்கவா? பிடித்துவிட்டேன். இனி காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்கும்.

கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, அவரை உங்களுக்குத் தெரியும். பிளான் அம்மா. ஒரு பொது இடத்தில் மரம் எங்கே, நிழல் எங்கே, நடைபாதை எங்கே, மழைநீர் எங்கே என்று தீர்மானிப்பதற்கென்றே படித்தவர். நம் மைதானத்தைப் பார்க்க அவர் வந்த நாளில் கொட்டித் தீர்த்தது மழை. கணுக்கால் தண்ணீரில் நின்று குச்சி குச்சியாக நட்டுக்கொண்டிருந்தார். என் மகள் ஓடிப்போய்க் குடை பிடித்தாள்.

“என்னக்கா, ஊரே மழைக்கு ஒதுங்குது, நீங்க மழையைப் பாக்க வந்திருக்கீங்க?”

“தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கணும்மா. வெயில்ல வந்தா அது தெரியுமா?”

மைதானத்தின் நடுவில் தாம்பாளம் போல ஆழமில்லாத பள்ளம், அதில் புல், சுற்றிலும் ஈரம் தாங்கும் மரங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கும், மற்ற நாளில் பிள்ளைகள் ஆடும். அதுதான் அவர் போட்ட பிளான். அதை இதே மேடையில் விரித்துக் காட்டினார். பொருளாளர் அண்ணன் கேட்டார், “ஏம்மா, பள்ளம் தோண்டவா அஞ்சு வருஷம் படிச்சே?” கூட்டமே சிரித்தது. தலைவருக்குக் கண்ணாடியே கழன்று விழுந்தது. அதை எடுத்து மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்:

“பள்ளம்னா கொசு வரும். மொத்தமா சிமெண்ட் போடுவோம். பளிச்சுனு இருக்கும், காரும் நிறுத்தலாம்.”

“ரெண்டு நாள்ல தண்ணி மண்ணுக்குள்ள இறங்கிடும் சார். சிமெண்ட் போட்டா அத்தனையும் வாசலுக்குத்தான் ஓடும்.”

“ஓடட்டுமே. ரோட்டுக்குப் போயிட்டா அது நம்ம தண்ணி இல்ல.”

கைதட்டினீர்கள். சிமெண்ட் போட்டார்கள். பளிச்சென்றுதான் இருந்தது.

முதல் பெருமழையில் மைதானத்துத் தண்ணீர் முழுக்க வாசலில் வந்து நின்றது. நடைபாதை எது, சாக்கடை எது, தெரியவில்லை. தையல் கம்பெனியில் வேலை முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கிய என் பிள்ளை, அந்தத் தண்ணீருக்குப் பயந்து ரோட்டில் நடந்தாள். லாரி பிரேக் போட்ட சத்தம் என் சமையலறைவரை கேட்டது. யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டே, அவளுக்காகக் குழம்பைச் சூடு பண்ணினேன்.

துக்கத்துக்கு வந்தவர்கள் விதி என்றார்கள். விதியா? விதி சிமெண்ட் கலக்குமா? விதி சரிவு பார்த்துப் பூசுமா? விதி கைதட்டித் தீர்மானம் போடுமா?

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்புகிறார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ஐயா. முடித்துவிட்டுப் படிக்கிறேன்.

மரமும் புல்லும் அழகுக்கு என்று நினைத்தோம். பார்க்கிற கண்ணுக்கு அழகு, நடக்கிற காலுக்கு உயிர். வீட்டுக்குள் இருந்தால் சுவர் காக்கும், கூரை காக்கும். வாசலைத் தாண்டினால் யார் காப்பது? வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு நிழல் வேண்டாமா? மூச்சு வாங்குகிற பெரியவருக்கு ஒரு பெஞ்சு வேண்டாமா? வேலை முடிந்து வரும் பெண்ணுக்குக் கால் வைக்க ஒரு சாண் தரை வேண்டாமா? அந்த ஒரு சாணை யோசித்து வைப்பதற்குத்தான் அந்தப் படிப்பு!

பிளான் அம்மா, எழுந்து நில்லுங்கள். தலை குனிய வேண்டியது நீங்கள் இல்லை.

எனக்கு வளைவு வேண்டாம். என் மகளின் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டாம். சிமெண்டை உடையுங்கள், இந்த அம்மா சொன்ன இடத்தில் பள்ளம் தோண்டுங்கள். அதற்குப் பெயரே வேண்டாம்.

என்ன ஐயா சொன்னீர்கள்? “அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்மா”வா? அண்ணாந்து பாருங்கள். மேற்கே கறுத்துவிட்டது. அது உங்கள் கூட்டத்தேதி கேட்டுக்கொண்டு வராது.

கைதட்டாதீர்கள், தாய்மார்களே. அந்தக் கைகளால் உங்கள் மகள்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் முடிந்து பஸ் வரும் நேரம். என் வீட்டுக்கு இனி யாரும் வரப்போவதில்லை. ஆனாலும் நான் வாசலுக்குப் போகிறேன். வருகிறவர்கள் வாருங்கள்.

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. வணக்கம்.