கராஜுக்குக் கரண்ட் எடுத்த விதம்

ஜெனரேற்றர் வாங்குகிறவர்கள் பலரும் அதைக் கராஜுக்குள்ளேயே வைத்து ஓட்டுகிறார்கள். அது பிழை, ஐயா. புகை உள்ளே அடைபட்டால் ஆள் முடிந்தது. நான் என்னுடையதை வெளியே சீமெந்துக் கட்டின் மேல், தகரக் கூரை போட்டு வைத்திருக்கிறேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்த இராசநாயகம் ஒன்றும் தெரியாமல் செய்தவன் என்று தெல்லிப்பழையில் எவனும் சொல்லிவிடக் கூடாது.

என் கராஜ் வீட்டிலிருந்து தள்ளி, கிணற்றடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. உழவு இயந்திரமும் தண்ணீர் மோட்டரும் அங்கேதான். அதற்கு ஜெனரேற்றரிலிருந்து கரண்ட் எடுத்துக் கொடுத்தவன் ஜெரிசன். என் மகள் தர்சினி வீட்டை விட்டுப் போய்க் கட்டிக்கொண்டவன். மயிலிட்டிப் பெடியன், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், தகப்பன் கடலுக்குப் போகிறவர். கரண்ட் கம்பத்தில் ஏறுவது இவன் தொழில். என் பரம்பரைக்கு வாய்த்த மருமகனைப் பாருங்கள். அந்தக் கவலையில்தான் என் மனைவி பாலேஸ்வரி போய்ச் சேர்ந்தாள். வைத்தியர் சலரோகம், சீனி வருத்தம் என்றார். அவருக்கென்ன தெரியும்.

செத்தவீட்டுக்கு வந்து வாசல் படலையடியில் நின்றவன், ஜெனரேற்றரிலிருந்து வீட்டுக்கு நான் இழுத்திருந்த வயரைக் கண்டுவிட்டான். இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய வயர். எங்கள் ஒழுங்கையில் பாதி வீட்டில் அதுதான் நடக்கிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு கேபிளும் சுவிச்சுமாகத் தானே வந்து நின்றான்.

"மாமா, உது ஆளைக் கொல்லுற வயர். மெயின் சுவிச்சை இறக்காமல் உதைச் செருகினால் உங்கடை கரண்ட் வெளி லைனுக்குப் போகும். கரண்ட் இல்லையெண்டு நம்பி ஏறினவன் கம்பத்திலையே கருகிப்போவான்."

மாமா என்று கூப்பிட அவனுக்கு யார் உரிமை கொடுத்தது? ஆனாலும் வேலை நல்ல வேலை, அதில் பொய் சொல்ல மாட்டேன். கேபிளைக் குழாய்க்குள் விட்டு நிலத்தில் ஆழமாகத் தாட்டான். கராஜடியில் ஏர்த் கம்பி அடித்தான். சுவரில் ஒரு சுவிச் பூட்டினான். ஒரு பக்கம் தள்ளினால் வெளிக் கரண்ட், மற்றப் பக்கம் தள்ளினால் ஜெனரேற்றர். இரண்டும் ஒன்றுசேர வழியே இல்லை.

"வீட்டு மெயின் உள்ளுக்கை எல்லோ இருக்குது. ஒருக்கா உள்ளை வந்தனெண்டால் முழு வீட்டுக்கும் இதையே பூட்டித் தந்திடுவன்" என்றான்.

மெயின் எங்கள் சாமியறைச் சுவரில் இருக்கிறது. அங்கே அவன் கால் வைப்பதா?

"கராஜுக்குப் போதும்" என்றேன்.

அவனுக்கு விளங்கிவிட்டது. அந்த இரட்டைப் பிளக் வயரை எடுத்து நடுவால் வெட்டிப் போட்டுவிட்டுப் போனான். என் பொருளை, என் முற்றத்தில், என் கண் முன்னால். அன்றைக்கே அதே மாதிரி வேறொரு வயர் செய்து வைத்தேன். ஆனால் செருகுமுன் ஒவ்வொரு முறையும் மெயினை இறக்கத் தவறியதில்லை. அவன் சொன்ன பாடம் எனக்கு நன்றாகவே ஏறியிருந்தது.

பாலேஸ்வரியின் ஆண்டுத் திவசத்துக்கு முதல்நாள் அடித்த காற்றில் பனை ஒன்று லைனில் விழுந்துவிட்டது. விடிந்தும் கரண்ட் இல்லை. சொந்தக்காரர் எல்லாம் வந்து விறாந்தையில் விசிறிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் படலையில் தர்சினி. அவளுக்கு நான் சொல்லியனுப்பவில்லை. கையில் பூவோடு வந்து நின்றாள்.

"அப்பா, அவர் சந்திக் கம்பத்திலை ஏறி நிக்கிறார். ஜெனரேற்றரைப் போட்டிடாதேங்கோ. கெஞ்சிக் கேக்கிறன்."

"ஓம், போடமாட்டன்" என்றேன்.

"அம்மாவின்ரை படத்துக்குப் பூ வைச்சிட்டுப் போகட்டே?"

"வாறதெண்டால் அவனை விட்டிட்டு வா. ஒரேயடியா வா."

"அவர் இல்லாத வீடு எனக்கு வேண்டாம், அப்பா."

அத்தனை சனத்துக்கும் கேட்கும்படி சொன்னாள். பூவைப் படலைத் தூணில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். பெற்று, வளர்த்து, கம்பஸ் வரைக்கும் படிப்பித்தவனுக்கு அவள் தந்த மரியாதை அது. என் பெரியப்பாவின் மகன் கந்தப்பு அண்ணை வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்:

"என்னடா தம்பி, உன்ரை மருமோன் கம்பத்தாலை இறங்குமட்டும் நாங்கள் வேர்த்துக்கொண்டு இருக்கவேணுமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். என் மானம் கப்பலேறியது.

நான் எழுந்து சாமியறைக்குள் போனேன். மெயின் மேலே நின்றது. அதைப் பார்த்தேன். விபூதி பூசிக்கொண்டு வெளியே வந்தேன். வயரைச் செருகினேன். ஜெனரேற்றரைப் போட்டேன். மெயினை இறக்க மறந்துவிட்டதாகச் சொல்லும்படி என் சட்டத்தரணி சொல்கிறார். மறக்கவில்லை, ஐயா. அது மேலேயே நிற்கட்டும் என்றுதான் விட்டேன்.

ஜெனரேற்றர் ஊர் லைனின் பாரம் தாங்காமல் முக்கி முனகி நின்றுவிட்டது. அதற்குள் விறாந்தை ஃபான் கொஞ்சம் சுற்றியிருக்கும். சந்திப் பக்கம் கூக்குரல் கேட்டது. சனம் எழுந்து ஓடியது. நான் போகவில்லை. ஐயர் பாதியில் இருந்தார், திவசத்தைக் குழப்பக் கூடாது என்று பக்கத்திலேயே இருந்து முடித்தேன்.

கோபத்தில் செய்தாயா என்று கேட்கிறீர்கள். கோபம் இருந்தது. அவனை நினைத்தால் இப்போதும் வருகிறது. ஆனால் செய்தது என் பிள்ளைக்காக. கம்பத்தில் ஏறுகிறவனுக்குச் சோறாக்கிக் கொண்டு அந்தப் பிள்ளை ஏன் சீரழிய வேண்டும்? இனி அவளை மறிக்க ஒருவனும் இல்லை. அவளுடைய அறையைக் கழுவி, கட்டிலுக்குப் புது விரிப்புப் போடச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை. போன் எடுத்தாலும் பதிலில்லை. செத்தவீட்டு அலுப்பாக இருக்கும். வாக்குமூலம் எடுக்க அவளிடமும் போவீர்கள்தானே? போனால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஐயா. அப்பாவுக்கு அவள் மேல் இப்போது ஒரு கோபமும் இல்லை.