பூட்டியே இருக்கும் பெயர்கள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, எனக்கு முன் பேசி அமர்ந்திருக்கும் கல்லூரிச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையாரின் கணவர் குமாரசாமி அவர்களே, மோகனூரிலிருந்தும் வாழப்பாடியிலிருந்தும் பஸ் ஏறி இந்த அஸ்தம்பட்டி மண்டபத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களே, திருச்செங்கோட்டு ரிக் வண்டித் தோழர்களே, மாணவச் செல்வங்களே! அனைவருக்கும் வணக்கம். என் பெயர் செல்லமுத்து. கணிதத் துறை. பேராசிரியர் முனைவர் தெய்வநாயகி அம்மையாரோடு ஒரே வராந்தாவில் பல வருடம் வேலை பார்த்தவன், பல வருடம் சண்டை போட்டவன்.

அழுவதற்காகத்தான் வந்தேன். ஆனால் செயலாளர் அவர்கள் பேசியதைக் கேட்ட பிறகு அழுகை நின்றுவிட்டது. அவருக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். பதில் சொல்வதற்கு முன்னால், அம்மையார் என்ன செய்தார் என்பதைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

தெய்வநாயகி அம்மையார் இராசிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். கணினி அறிவியல் படித்தவர். சமூக வலைத்தளங்களில் ஒரு செய்தி எங்கே புறப்பட்டு, யார் யார் கை வழியாக, எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதைத் தானாகக் கற்றுக்கொண்டு கண்டுபிடிக்கும் நிரலை எழுதியவர். உண்மை, பொய் என்று இரண்டே பெட்டி போதாது, அரை உண்மைக்கும் கால் உண்மைக்கும் இடம் விட வேண்டும் என்று அந்த நிரலுக்குச் சொல்லிக் கொடுத்தவர். இதையெல்லாம் பெருநகரத்தில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்தா செய்தார்? மின்விசிறி பாதி நேரம் ஓடாத நம் கல்லூரி ஆய்வகத்தில் செய்தார்.

அது தொடங்கிய கதை பலருக்குத் தெரியாது. ஒரு வருடம், நாமக்கல் முட்டை தின்றால் புதுக் காய்ச்சல் வரும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி கிளம்பியது. யாரோ எங்கோ எடுத்த பழைய படம், அதன் மேல் நம் ஊர்ப் பெயர். முட்டை தேங்கியது. கோழிப் பண்ணைகள் கதிகலங்கின. மோகனூர்ப் பக்கம் பண்ணை வைத்திருக்கும் பாப்பாயி அம்மாள் நேரே எங்கள் கல்லூரிக்கு வந்து, வாட்ச்மேனைத் தாண்டி, அம்மையாரின் மேசை மேல் தன் போனை வைத்தார்.

"ஏனுங்க மேடம், என்ற கோழி ஆருக்கு என்ன பண்ணுச்சுங்க? இதை மொதல்ல கெளப்பி உட்டவன் ஆருன்னு உங்க கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுங்க. நான் போயி அவனைக் கேட்டுக்கறேன்."

நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அம்மையார் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு சொன்னார்: "ஆருன்னு கேட்டீங்கன்னா ஒருத்தனைப் புடிக்கலாமுங்க. எப்படின்னு கேட்டாத்தான் அடுத்த பொய்யைப் புடிக்க முடியும்."

அன்று பிறந்தது அந்த ஆராய்ச்சி. சந்தேகப்படும் எந்தச் செய்தியையும் அனுப்பச் சொல்லி ஓர் எண் கொடுத்தார். பண்ணைக்காரர்கள் அனுப்பினார்கள், விசைத்தறிக்காரர்கள் அனுப்பினார்கள், மரவள்ளிக் காட்டில் வேலை செய்யும் பெண்கள் அனுப்பினார்கள். அவர்கள் நம்பி அனுப்பியதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். வந்தவுடன் அனுப்பியவர் பெயரும், அவருக்கு அதை அனுப்பியவர் பெயரும் வெறும் குறியீடாக மாறிவிடும். நிரலுக்குக் குறியீடு போதும். எந்தக் குறியீடு யார் என்பது மட்டும் தனியாகப் பூட்டி வைக்கப்படும். எதற்கு வைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். கொடுத்தவர் என்றைக்காவது மனம் மாறி, "என்னுதை அழிச்சுருங்க" என்று வந்தால் தேடி அழிப்பதற்கு. அதற்கு மட்டும்தான்!

அந்தப் பூட்டுக்கு மூன்று கடவுச்சொற்கள். திறக்க வேண்டுமென்றால் இரண்டு பேர் சேர வேண்டும். ஒன்று அம்மையாரிடம். ஒன்று என்னிடம். மூன்றாவது, செய்தி கொடுத்தவர்கள் சார்பில் பாப்பாயி அம்மாளிடம். இந்த ஏற்பாட்டைக் கேட்டு நான் சிரித்தேன். எனக்கும் பாப்பாயி அம்மாளுக்கும் ஒரு நாளும் ஒத்து வராது. மாதக் கடைசி ஞாயிறு மோகனூரில் செய்தி அனுப்புகிறவர்களோடு நடக்கும் கூட்டத்தில், காப்பிக்குச் சர்க்கரையா கருப்பட்டியா என்பதிலிருந்து எங்கள் தகராறு ஆரம்பிக்கும். எங்கள் இரண்டு பேரையும் அம்மையார் வேண்டுமென்றே பார்த்துப் பிடித்தார் என்பது பின்னால்தான் விளங்கியது.

பூட்டு ஏன் அவ்வளவு முக்கியம்? ரிக் வண்டித் தோழர்களே, உங்கள் கதையைச் சொல்கிறேன்.

பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்று ஒரு வதந்தி பரவிய காலம். வாழப்பாடி அருகே கம்பளி விற்க வந்த வடநாட்டுக் குடும்பத்தைக் கூட்டம் சுற்றி வளைத்துவிட்டது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அம்மையாரின் நிரல் அந்தச் செய்தியைப் பின்தொடர்ந்து போய், ஒரு குழுவைச் சிவப்பில் காட்டியது. பல போன்களிலிருந்து ஒரே நொடியில் ஒரே செய்தி. மனிதர்கள் அப்படி அனுப்ப மாட்டார்கள், இது கூலி வாங்கிக்கொண்டு பொய் பரப்பும் கூட்டம் என்று நிரல் சொன்னது. அம்மையாரும் அதை நம்பினார். கட்டுரையும் எழுதி, கருத்தரங்கில் படிக்க நாளும் குறித்தாகிவிட்டது. அதற்குள் விஷயம் கசிந்து, அதிகாரமுள்ள ஓர் இடத்திலிருந்து அந்தப் பெயர்களைக் கேட்டுத் தொலைபேசி வந்தது.

அம்மையார் பெயர்களைக் கொடுக்கவில்லை. பூட்டைத் திறக்காமல், அந்தக் குறியீடுகளின் போன்கள் எந்தப் பக்கம் நடமாடுகின்றன என்று மட்டும் பார்த்தார். திருச்செங்கோட்டில் தொடங்கி சத்தீஸ்கர் காட்டில் போய் முடிந்தது. ரயில் ஏறிப் போனார். அங்கே ஆழ்துளைக் கிணறு தோண்டும் நம் ரிக் வண்டி நின்றிருந்தது. ஓட்டுநர் சென்னிமலை, அதோ தூணோரம் நிற்கிறாரே, அவருடைய வண்டிதான். வாரக்கணக்கில் டவர் இல்லாத இடம். ஒருவர் போனுக்கு வந்திருந்த செய்தியை எல்லோரும் ப்ளூடூத்தில் வாங்கி, ஊரில் பெண்டு பிள்ளைகளுக்கு அனுப்பி வைத்திருக்கிறார்கள். போகாமல் போனிலேயே கிடந்திருக்கிறது. அம்மையார் அந்த வண்டியிலேயே ஏறி வந்தார். மெயின் ரோட்டைத் தொட்டதும் எல்லோர் சட்டைப் பையிலும் ஒரே சமயத்தில் போன் சத்தம் போட்டது. அவருக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது: அன்றைக்கும் இப்படித்தான், டவர் கிடைத்ததும் தேங்கிக் கிடந்த செய்தி எல்லாப் போனிலிருந்தும் ஒன்றாகப் போயிருக்கிறது.

சென்னிமலை அவரிடம் சொன்ன வார்த்தையை அம்மையார் எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். "புள்ளைக ஊட்டுல தனியா இருக்குதுங்க மேடம். பொய்யோ நெசமோ, சொல்லாம எப்படிங்க இருக்கறது?"

பெயர்களைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குழந்தைகளை நினைத்துப் பயந்த தகப்பன்மார்கள் கைவிலங்கோடு ஊர் திரும்பியிருப்பார்கள். அம்மையார் கருத்தரங்குக்குப் போனார். பெரிய பெரிய பேராசிரியர்கள் முன்னால் மேடை ஏறி, "என் முடிவு தவறு, நிரலுக்கு என் ஊர்க்காரர்களைத் தெரியவில்லை, திருத்திக்கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். கைதட்டல் கிடைக்கவில்லை. அடுத்த வருட ஆராய்ச்சி நிதியும் கிடைக்கவில்லை. அவர் கவலைப்படவும் இல்லை.

இப்போது செயலாளர் அவர்களின் பேச்சுக்கு வருகிறேன்.

அம்மையார் இறந்த மறுநாள் ஒரு செய்தி கிளம்பியது. உங்களில் பாதிப் பேருக்கு வந்திருக்கும். தெய்வநாயகி மக்களின் செய்திகளை எல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்றுவிட்டார், அந்தப் பாவம்தான் புற்றுநோயாக வந்தது என்று. மனைவிக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்த குமாரசாமி அவர்களின் போனுக்கே அது வந்தது. அதைப் படித்துவிட்டு அவர் என்னிடம் போனை நீட்டினார். அந்த முகத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

செயலாளர் இங்கே என்ன அறிவித்தார்? ஆய்வகத்துக்கு அம்மையாரின் பெயர் வைப்போம் என்றார். மகிழ்ச்சி. அடுத்து, அந்தப் பூட்டைத் திறந்து, இந்த அவதூறைப் பரப்பியவர்களின் பெயர்களை எடுத்து உரியவர்களிடம் ஒப்படைப்போம், அதுவே அம்மையாருக்குச் செய்யும் மரியாதை என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. எனக்கு மட்டும் இரத்தம் கொதிக்கவில்லையா? செய்தி வந்த அன்றே பாப்பாயி அம்மாளைக் கூப்பிட்டு, "வாருங்கள், திறந்துவிடலாம்" என்று சொன்னவனே நான்தான்!

அவர் என்ன சொன்னார் தெரியுமா? ஆஸ்பத்திரியில் நடந்ததை நினைவுபடுத்தினார். கடைசி வாரம் அம்மையார் எங்கள் இருவரையும் கட்டிலருகே அழைத்து, தன் கடவுச்சொல்லை அழித்துவிட்டதாகச் சொன்னார். பிறகு சிரித்தார். "இனி நீங்க ரெண்டு பேரும் சேந்தாத்தான் தொறக்க முடியும். தயவு பண்ணி ஒத்துமையா இருந்துறாதீங்க" என்றார். மூச்சு வாங்கும்போதும் அந்தக் கிண்டல் போகவில்லை.

அதைச் சொல்லிவிட்டுப் பாப்பாயி அம்மாள் தொடர்ந்தார். ஆரு, ஆரு என்று கேட்டுக்கொண்டு அன்றைக்கு வந்த அதே பாப்பாயி அம்மாள்! "சார், நம்ம மேடம் மேல பொய் சொன்னவனுக்காகத் தொறந்தோமுன்னா, அவிய வித்துப்போட்டாங்கன்னு சொன்ன பொய்யை நாமளே நெசமாக்கிப் போடறோமுங்க. நான் தரமாட்டேன்."

பல வருடத்தில் முதல்முறையாக நானும் பாப்பாயி அம்மாளும் ஒரு விஷயத்தில் ஒத்துப் போய்விட்டோம். அது திறப்பதில்லை என்ற விஷயம்.

ஆகவே செயலாளர் அவர்களே, மரியாதையோடு சொல்கிறேன், நீங்கள் கேட்கும் பெயர்கள் கிடைக்காது. எனக்கு ஓலை கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். ஆய்வகத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்ளலாம். மாதக் கடைசி ஞாயிறு மோகனூரில் பாப்பாயி அம்மாளின் தீவனக் கிடங்கில் கூட்டம் நடக்கும். அம்மையாரின் மாணவி சௌந்தர்யா நிரலை எடுத்துக்கொண்டு வருவார். இந்தப் பொய் எங்கே வேகம் பிடித்தது, எங்கே தளர்ந்தது, எந்த வழியில் போனது என்று பார்ப்போம். அந்த வழியிலேயே உண்மையையும் அனுப்புவோம். ஒரு முறை போகாவிட்டால் இன்னொரு முறை அனுப்புவோம்.

கடைசியாக ஒரு வார்த்தை. அந்தச் செய்தியை அனுப்பியவர்கள் சிலர் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். தெரியாமல் அனுப்பியிருக்கலாம், பயந்து அனுப்பியிருக்கலாம், வஞ்சத்தோடும் அனுப்பியிருக்கலாம். உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது சீக்கிரம் ஆறாது. ஆனாலும் கூட்டத்துக்கு வாருங்கள். அது உங்களுக்கு எப்படி வந்தது என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் யார் என்று ஒருவரும் கேட்க மாட்டோம்.

தெய்வநாயகி அம்மா, உங்கள் படத்துக்கு மாலை வாங்க மறந்துவிட்டு வந்தேன். பூட்டை மறக்கவில்லை. அது பூட்டியபடியே இருக்கிறது.