‘நில்’ என்ற இடத்தில் நான் இறங்கினேன்

மேடையின் நடுவில் மலைபோல் வீற்றிருந்து மாலைக் கூட்டத்தை நடத்தித் தரும் தலைவர், வழக்கறிஞர் கைலாசநாதன் ஐயா அவர்களே! அறுபத்து மூன்று வயதில் எனக்கு அகர முதல் எழுத்தை அறிமுகம் செய்துவைத்த ஆசிரியை பாலாம்பாள் அம்மா அவர்களே! தல்லாகுளத்துப் பெரியோர்களே! மடியில் பிள்ளையைப் போட்டுத் தட்டியபடியே காதை இங்கே கொடுத்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சைக்கிள் கேரியரில் சாய்ந்திருக்கும் தம்பிகளே! எங்கள் பேண்டு செட்டுக்கு முன்னால் ஆடிய கால்களே, தட்டிய கைகளே! உங்கள் எல்லோருக்கும் சிம்மக்கல் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கும் முத்திருளனின் வணக்கம்.

என்ன தம்பி? சத்தமாகச் சொல். பேப்பரைப் பார்க்காமல் பேசச் சொல்கிறாயா? அட போப்பா! பேப்பரைப் பார்த்துப் படிக்கத்தானே அறுபத்து மூணு வருசம் காத்துக் கெடந்தேன்! நாலு நாள் உட்கார்ந்து நானே எழுதியது இது. ஒரு வரியையும் விடமாட்டேன்.

அன்பர்களே! நான் ஒரு பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரே ஒரு பாட்டு. சினிமாவில் வராத பாட்டு. ரேடியோவில் ஒலிக்காத பாட்டு. ஆனாலும் இந்த மதுரையில் அதைப் பாடாத வாய் உண்டா? அதற்கு ஆடாத தலை உண்டா? அது போகாத தெரு உண்டா?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு. ஒரு கல்லூரியில் ஆண்டு விழா. விருந்தினரை வரவேற்று வாசிக்கப் போன நாங்கள், வாசித்து முடித்து வாத்தியங்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். மேடையில் ஒரு ஒல்லிப் பையன் எலக்ட்ரிக் கிட்டாரோடு ஏறினான். கிட்டாருக்குப் பின்னால் அவன் இருக்கிறானா, அவனுக்குப் பின்னால் கிட்டார் இருக்கிறதா என்று தெரியாத அளவுக்கு ஒல்லி. பெயர் ராஜாராமன். “ஒரு ராக் பாட்டு, மெதுவா வரும், பொறுத்துக்கங்க” என்றான்.

எங்கள் பெரிய டிரம் சின்னச்சாமி என் காதில் சொன்னான்: “அண்ணே, இந்தக் கையில பாட்டு வராது. பால் டம்ளர்கூடத் தூக்க மாட்டான்.”

பாட்டு வந்தது! எப்படி வந்தது? ஒற்றைத் தந்தியில் ஊர்ந்து வந்தது. இரண்டாவது அடியில் டிரம் வந்து தோளில் கை போட்டது. மூன்றாவது அடியில் மொத்த மைதானமும் மூச்சைப் பிடித்தது. கதை என்ன? வைகைப் பாலத்தில் ஒரு வாலிபன் நிற்கிறான். ஒரு பெண் அவனைக் கடந்து நடக்கிறாள். அவளிடம் அவனுக்குச் சொல்ல ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. அதைச் சொல்ல நாலு நிமிடம் ஆகிறது. அவ்வளவுதான்.

“பாலத்து விளக்கெல்லாம் ஏத்தியாச்சு,
போகிற பஸ்ஸெல்லாம் போயாச்சு,
ஒத்தைச் சொல் ஒண்ணுதான் பாக்கி, பெண்ணே,
நில்...”

அந்த ‘நில்’ இருக்கிறதே, அது மேலே போனது ஐயா! மாடிப்படி ஏறுகிற மாதிரி இல்லை; பட்டம் ஏறுகிற மாதிரி. ஏறி, உச்சியில் அசையாமல் நின்றது. அந்த இடத்தில் கிட்டாரும் வாயை மூடிக்கொண்டது. சின்னச்சாமியைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர். “என்னடா?” என்றேன். “தூசிண்ணே” என்றான்.

அடுத்த மாதமே காளவாசலில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிக்கிறோம். மாப்பிள்ளை அந்தக் கல்லூரிப் பிள்ளை. “அண்ணே, பாலத்துப் பாட்டு போடுங்க. போட்டாத்தான் கார் நகரும்” என்கிறான். பாட்டு எனக்கு மனப்பாடம். ஆனால் என் கிளாரினெட்டில் மேல் சுரத்துக்கான சாவி உடைந்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தேன். அதில் அந்த உச்சிக்கு ஏறவே முடியாது.

சின்னச்சாமியிடம் சொன்னேன். “எட்டலேன்னா எறங்கிருங்கண்ணே! எறங்குறப்ப நான் மூணு அடி போட்டு மறைச்சிருதேன். கல்யாணத்துல எவன் கண்டுபிடிக்கப் போறான்?” என்றான்.

இறங்கினேன். ‘நில்’ என்று ஏற வேண்டிய இடத்தில், சர்ரென்று மூன்று படி வழுக்கி இறங்கினேன். அவன் டும், டும், டும் என்று மூன்று அடி போட்டான். கூட்டம் என்ன செய்தது தெரியுமா? விசில்! “இன்னொரு தரம்! அந்த எடத்த மட்டும் இன்னொரு தரம்!” மாப்பிள்ளையே காரை விட்டு இறங்கி ஆடினார். பெண் வீட்டார் வாசலில் ஆரத்தித் தட்டோடு காத்து நின்றார்கள்.

அன்றைக்குப் புறப்பட்டது அந்தப் பாட்டு, என் பிழையைச் சுமந்துகொண்டு.

எங்கெல்லாம் போனது! சிம்மக்கல்லில் ஒரு கேசட் கடையில் எங்கள் வாசிப்பைப் பதிந்தார்கள். அதைக் கேட்டு நையாண்டி மேளக்காரர்கள் எடுத்தார்கள். உறுமி உருட்டியபோது அந்தப் பாட்டு காதலை விட்டுச் சண்டைக்குப் போனது. பஜனைக்காரர்கள் எடுத்தார்கள், பெண்ணே என்ற இடத்தில் ஐயனே என்று போட்டு மலைக்கு நடந்தார்கள். தேர்தல் ஜீப் எடுத்தது. ஒத்தைச் சொல் என்ற இடத்தில் ஒத்தை ஓட்டு என்று கேட்டது. கேட்டவர் தோற்றுப் போனார், அது பாட்டின் குற்றமில்லை!

சிரியுங்கள், சிரியுங்கள். இன்னும் கேளுங்கள். எங்கள் ஊர்ப்பக்கம், மேற்கே, நடவு வயலில் பாண்டியம்மாள் என்ற பெண்மணி அதைப் பாடினார். நடவு என்றால் பின்னால் பின்னால் கால் வைக்கும் வேலை. இந்த மெதுவான பாட்டு அந்தக் காலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. இருபது பெண்கள் குனிந்தபடி பாடுகிறார்கள்; ‘நில்’ வந்ததும் இருபது பேரும் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். “யாத்தா, இந்தப் பாட்டைக் கட்டுனவன் மகராசன்! இடுப்புக்கு எம்புட்டு நேரம் ஓய்வு குடுத்திருக்கான் பாரு!” என்றார் பாண்டியம்மாள்.

ஒரு விதையை எத்தனை மண்ணில் போட்டாலும் முளைக்குமா? முளைத்ததே! கொட்டுக்குள் முளைத்தது, கோயிலுக்குள் முளைத்தது, சேற்றுக்குள் முளைத்தது! அப்படிப்பட்ட பாட்டைப் பெற்ற ஊர் நம் ஊர் என்று நான் மார்தட்டிக்கொள்கிறேன். ஆனால் அத்தனை வாயிலும் அத்தனை வாத்தியத்திலும், அந்த இடத்தில் எல்லோரும் இறங்கினார்கள். ஒருவர்கூட ஏறவில்லை. ஏனென்றால் அவர்கள் எல்லோரும் கேட்டது என்னை.

எண்பத்து மூன்றில், காளவாசலில் பொங்கல் விழா. வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகிவிட்ட ராஜாராமன் ஐந்து வருடம் கழித்து மேடையேறினார். தன் பாட்டைத் தானே பாடினார். முதல் அடிக்கு ஊரே கூடப் பாடியது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! மூன்றாவது அடி முடிந்தது. ‘நில்’ என்று அவர் ஏறினார். ஊர் இறங்கியது.

“யோவ், பாட்டைத் தப்பாப் பாடுறய்யா!”

“ஒழுங்காக் கத்துக்கிட்டு வா மாப்ள!”

“கேசட்டு வாங்கிக் கேளுய்யா!”

பாட்டைப் பெற்றவனிடம், பாட்டைக் கற்றுக்கொண்டு வா என்றது கூட்டம்! அவர் பாதியில் நிறுத்தினார். கிட்டாரின் ஒயரைப் பிடுங்கினார். உறையில் போட்டு, ஒவ்வொரு பித்தானாக நிதானமாக மாட்டி, யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனார்.

நான் எங்கே இருந்தேன்? கூட்டத்தில்தான், நாலாவது வரிசையில். ‘ஐயா, அவர் பாடுவதுதான் சரி, கெடுத்தவன் நான்’ என்று எழுந்து சொன்னேனா? சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர் என்னைக் காட்டி, “இந்தா, ஒரிஜினல் ஆளே இங்க உட்கார்ந்திருக்காருப்பா!” என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வாய் கசக்கிறது.

மூன்று வருடம் அவர் பாடவில்லை.

போன வருடம் எழுத்துப் படிக்கப் போனேன். கடைப் பலகை படித்தேன், பஸ் போர்டு படித்தேன், தீப்பெட்டியைக்கூட விடவில்லை. ஒரு நாள் கிளாரினெட் பெட்டியைத் துடைத்தபோது, கடைக்காரர் எனக்குக் கொடுத்திருந்த அந்தக் கேசட் கையில் வந்தது. ஐந்து வருடமாக அந்தப் பெட்டியில்தான் கிடந்தது. அட்டையில் எழுத்து. விரல் வைத்துக் கூட்டினேன். மு... த்... தி... ரு...

அச்சில் என் பெயர்! வாழ்க்கையில் முதல் தடவை! “ஏய், ஒச்சாயி, வா இங்க!” என்று என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். “எம்பேரு போட்டிருக்குடி!” அவள், “முன்னாடியும் ஏதோ இருக்கே, அதையும் படிங்க” என்றாள். படித்தேன். ‘பாடல், இசை: முத்திருளன்.’

கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. அவர் கேட்டபோது என் பெயரைச் சொன்னவன் நான்தான். வாசித்தது யார் என்று கேட்டாரோ, இயற்றியது யார் என்று கேட்டாரோ, அன்று எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. அன்பர்களே, நான் படிக்கக் கற்ற முதல் வருடத்தில், முதலில் படித்த என் பெயர் இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. வந்த சந்தோஷம் அப்படியே வற்றிப் போனது.

மறுநாளே தல்லாகுளத்தில் ராஜாராமன் ஐயா வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தவர் அவர் மனைவி ஜானு அம்மா. பேங்கில் வேலை. “ஐயாவைப் பார்க்கணும், ஒரு தப்பைச் சொல்லணும்” என்றேன். “தப்பு சொல்றதுக்கு வெயில்ல வந்திருக்கீங்க, மோராவது குடிங்க” என்றார்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பர் பேண்டு, மூன்று அடி, நாலாவது வரிசை, கேசட். ராஜாராமன் கோபிக்கவில்லை. “வாசிங்க, கேட்போம்” என்றார். வாசித்தேன். இறங்கினேன். கண்ணை மூடிக் கேட்டவர் சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு. ஊருக்குப் பிடிச்சதுல ஆச்சரியமே இல்ல.” பிறகு, “என்னுதும் நல்லாத்தானே இருந்துச்சு?” என்றார்.

அதற்கு ஜானு அம்மாதான் பதில் சொன்னார்கள். “பாலத்துல என்கிட்டப் பாடிக் காட்டினது மேலே ஏறுற பாட்டு. அதுக்குத்தான் நின்னேன். இறங்கிப் பாடியிருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேன்.”

“மேடையேறிப் பாடினா மறுபடியும் கத்துவாங்க” என்றார் ராஜாராமன்.

“கத்தட்டும் ஐயா. மொதல்ல என்னையப் பாத்துக் கத்தட்டும். நான் முன்னாடி ஏறி நிக்கிறேன்” என்றேன்.

அதனால்தான் நிற்கிறேன், பெரியோர்களே! உங்கள் கேசட்டை வீசி எறியச் சொல்ல வந்தேனா? இல்லை. நாளைக்கும் கல்யாணத்தில் நான் இறங்கத்தான் போகிறேன். நீங்கள் ஆடத்தான் போகிறீர்கள். பாண்டியம்மாள் நட்டபடி நடட்டும், உறுமி உருட்டியபடி உருட்டட்டும். பத்து வேடம் போட்ட பாட்டு இன்னும் நூறு வேடம் போடட்டும்! ஆனால் பெற்றவன் தன் பிள்ளையைத் தன் குரலில் கூப்பிட ஒரு நாள் வேண்டாமா? ஒரு மேடை வேண்டாமா? நாலு நிமிடம் வேண்டாமா?

உங்கள் காது பழகிய காது. அந்த இடம் வந்ததும் அது இறங்கத் துடிக்கும். என் காதே துடிக்கும்! துடித்தால் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். அவர் மேலே ஏறுவார். அவரோடு ஏறுங்கள்.

என்ன தம்பி, மறுபடியும் நீயா? சொல்.

“நாங்க கத்த மாட்டோம் தாத்தா! நீங்க எறங்குங்க, அவர ஏறச் சொல்லுங்க!”

கேட்டீர்களா, ராஜாராமன் ஐயா? மதுரை கூப்பிடுகிறது. ஒயரை மாட்டுங்கள்.

பிழை செய்த வாயைப் பொறுமையாகப் பேச விட்ட தலைவர் அவர்களுக்கும், பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், கத்த மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த தம்பிக்கும் என் நன்றியையும் வணக்கத்தையும் சொல்லி, பாட்டுக்குச் சொந்தக்காரர் கையில் இந்த மைக்கைக் கொடுக்கிறேன்.