வடிவாய் வந்த அலை

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகச் சாவகச்சேரியில் பஸ் ஏறினேன். முன் இருக்கைக்காரர், யப்பானில் பூமி நடுங்கிக் கடல் ஊருக்குள் ஏறிய வீடியோவைப் போனில் இரண்டாந்தரம் ஓடவிட்டார்.

"அலை என்ன வடிவா வருது!"

அவர் பக்கத்தில் மீன்கூடையோடு இருந்த பெண் சீறினார். "வடிவோ? எங்கடை கரைக்கு வந்த அலை என்ரை மகளைக் கொண்டுபோனது. அதுவும் அழகோ?"

"ஐயோ அக்கா, தெளிவாத் தெரியுது எண்டுதான் சொன்னனான்."

"தெளிவாத் தெரிஞ்சால் சொல்லும். உந்த மதிலடியிலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுறாளே, அவள் தப்பினவளோ?"

"தெரியாதக்கா. வீடியோ அதோடை முடியுது."

"ரண்டுதரம் பாத்தீர். அவளுக்கு என்ன நடந்ததெண்டு ஒருக்கா யோசிச்சீரோ?"

முருகா, பின்னாலிருந்து எட்டிப் பார்த்த நானும் அலையைத்தான் பார்த்தேன்.