கக்காம விடமாட்டேன்

...அடிக்கிறேனாம்! நான்! என் புருஷனை! இந்தத் தெமுக்கோ ஊருல மழை ஓய்ஞ்சாலும் ஓயும், நம்ம தெரு வாய் ஓயாது. உள்ள வாம்மா, சட்டுனு கதவைச் சாத்து. ஊரு விறகுப்புகை பூரா வீட்டுக்குள்ள வந்தா அந்த மனுஷனுக்கு ஆகாது. பக்கத்து வீட்டுக்குப் புதுசா வந்த டீச்சர் நீதானே? மாரிசெலா? நான் நோல்வியா. கையில என்ன, கேக்கா? வை அங்க. இந்தா, சூடா மாத்தே டீ குடி.

அதோ, கட்டில்ல போர்வைக்குள்ள முனகுதே, அதுதான் என் வீட்டுக்காரர், எரிபெர்த்தோ. காலம் பூரா மர மில்லுல தூளைத் தின்னு நெஞ்சு ஏற்கெனவே நாசம். இந்தக் குளிர்ல காய்ச்சல் வேற வந்து, சளி கோந்து மாதிரி ஒட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரில மூச்சுப் பயிற்சி குடுக்கிற பொண்ணு சளியைத் தட்டி எடுக்க எனக்குச் சொல்லிக் குடுத்தா. ஒருக்களிச்சுப் படுக்க வை, உள்ளங்கையைக் கிண்ணம் மாதிரி குவி, முதுகெலும்பு பக்கம் போகாம விலா மேல தட்டு, சாப்பிட்ட உடனே தட்டாதே. காலி டப்பாவைத் தட்டுனா வருமே, டொப்பு டொப்புன்னு, அந்தச் சத்தம் வரணும். பளார்னு கேட்டா தப்பு.

இவர் ஒத்துழைப்பாரா? மகாராஜா! 'வலிக்குது நோல்வியா... மெதுவா நோல்வியா...' பாட்டில் தண்ணில ஸ்ட்ராவைப் போட்டு ஊதுய்யான்னா, நான் அந்தப் பக்கம் திரும்புனதும் பாட்டிலைக் குலுக்கி நுரை காட்டுறார்!

இவருக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கா, சுனில்டா. பெரிய வைத்தியச்சி! யூக்கலிப்டஸ் இலையைக் கொதிக்க வச்சு, பானைக்குள்ளயே மூஞ்சியை அமுக்கி, மேல துண்டைப் போட்டு மூடிட்டா. மூக்கு நுனி வெந்துபோச்சு! சளி? அது சொகமா உள்ளயே குளிர் காஞ்சுக்கிட்டு இருக்கு. அப்புறம் காலுறைக்குள்ள வெங்காயம் வச்சா. வீடு பூரா எம்பனாதாவுக்குள்ள வச்சுச் சுட வெங்காயம் வதக்குற வாசனை, மூச்சு மட்டும் வரல.

வியாழக்கிழமை மத்தியானம் சூப்பு வச்சுக்கிட்டிருந்தேன்... திரும்பிப் பாத்தா இவர் உதடு நீலமா இருக்கு. பேச்சு வரல. கண்ணு மட்டும் என்னையே பாக்குது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டா, எல்லா வண்டியும் வெளியே போயிருக்கு, காத்திருங்கங்கிறான். காத்திருக்கிறதாம்! மேஜை மேல தலகாணியை அடுக்கி, இவரை முன்னால குனிய வச்சு, முழங்கையை ஊனச் சொன்னேன். 'உதட்டைக் குவி, சூப்பை ஆத்துற மாதிரி மெல்ல ஊது'ன்னேன். ஊதுறார். நடுநடுவுல தட்டுறேன். பயத்துல எனக்குக் கத்தத்தான் வருது... 'கக்குய்யா! கக்கு! கக்காம உன்னை விடமாட்டேன்!'

அப்பப் பாத்து கதவை இடிக்கிறாங்க. ரெண்டு போலீஸ்காரங்க! 'அம்மா, தள்ளி நில்லுங்க'ங்கிறான் பெரியவன். ஒருத்தி வீட்டுக்காரனைக் கட்டிவச்சு அடிச்சு உண்மையைக் கக்க வைக்கிறான்னு யாரோ புகார் சொன்னாங்களாம்! எனக்கு வந்த கோபத்துல சளி துப்புற பேசினை அவன் கையில திணிச்சு, 'புடி, வருது'ன்னேன். வந்துச்சு. பச்சையா, கட்டியா... துப்பாக்கி வச்சிருக்கிற ஆளு, பாத்ததும் செவுத்தைப் புடிச்சுக்கிட்டான்! சின்னவன்தான் சுதாரிச்சு இவரைத் தூக்கி ஜீப்புல போட்டான். கொஞ்சம் தாமதிச்சிருந்தா அவ்வளவுதான்னாங்க ஆஸ்பத்திரில. ஆக்ஸிஜன் வச்சு, நேத்துதான் வீட்டுக்கு அனுப்புனாங்க.

புகார் சொன்ன அந்தப் புண்ணியவதி யாருன்னு மட்டும் தெரியட்டும்! அவ வாயை... ஏம்மா எந்திரிக்கிறே? மாத்தே அப்படியே இருக்கு. முகம் ஏன் வெளுத்துப் போச்சு?

ஓ.

நீயா...

நானும் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம்தான்...

அந்த ஜீப்பு வரலேன்னா... சரி சரி, அழாதே. அழுற மூஞ்சியைப் பாத்தா எனக்கு ஆகாது. நன்றின்னெல்லாம் சொல்லமாட்டேன், எதிர்பாக்காதே. எங்க போறே? உக்காரு! எனக்கு மணிக்கட்டு வீங்கிப்போச்சு, தட்ட முடியல. உன் கையைக் காட்டு. ம்... சாக்பீஸ் புடிக்கிற கை, பஞ்சு மாதிரிதான் இருக்கு. பரவால்ல, பழகிடும். காலையில ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னால நீ, சாயங்காலம் நான்.

யோவ் எரிபெர்த்தோ, ஒருக்களிச்சுப் படு! ஆள் வந்திருக்கு.